நான் எழுதிய பெட்டிசம்

எங்கள் கரையில் யாருக்காவது அரசாங்கத்தின் மேல் கோபம் வந்தால் அவர் நேரே என் வீட்டுக்குத்தான் வருவார். ஒரு கையில் இரண்டு புல்ஸ்கெப் தாள், மற்றக் கையில் ஒரு பொட்டலம் கருவாடு. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். ஆனால் சின்ன வயதில் சிலாபத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் சிங்களமும் எழுதுவேன். பெட்டிசம் சிங்களத்தில் போனால்தான் யாராவது பிரித்தாவது பார்ப்பார்கள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நம்பிக்கை என்ன நம்பிக்கை, அனுபவம். கிணறு உப்பாகிவிட்டது, பாலம் உடைந்துவிட்டது, இறால் பண்ணைக்காரன் கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறான், எல்லாம் என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. ஒன்றுக்கும் ஒரு பலனும் வந்ததில்லை. ஒரே ஒரு பெட்டிசத்துக்கு மட்டும் வந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். முந்தலிலிருந்து கடல் பக்கம் திரும்பும் பாதையின் முடிவில்தான் எங்கள் கரை. அங்கே அவருக்கு ஒரு வாடி இருந்தது. வாடி என்றால் வலை வைக்கவும் ஆள் படுக்கவும் மணலில் போட்ட ஓலைக் கொட்டில். பக்கத்து வாடி அவருடைய கூட்டாளியுடையது. அவர் முஸ்லிம், எங்கள் எல்லோருக்கும் நானா. படகு நானாவுடையது, எஞ்சின் அண்ணனுடையது. வெள்ளிக்கிழமை நானா ஜும்மாவுக்குப் போவார். அண்ணன் மச்சானைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். நானா தன் தங்கை மகனான மருமகனோடு போவார். மற்ற நாட்களில் இருவரும் சேர்ந்து. "ரெண்டு மார்க்கத்துக்கும் நடுவில மாட்டி இந்த எஞ்சினுக்கு மட்டும்தான் லீவே இல்ல" என்று நானா அதன் மூடியைத் தட்டிச் சிரிப்பார்.

நானா பிறந்தது மன்னார்ப் பக்கம். சின்ன வயதில் துவக்குத் தூக்கிய இயக்கக்காரர்கள் வந்து முஸ்லிம்களெல்லாம் போங்கள் என்றதும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பிய குடும்பம். புத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றத்தில் வீடு. வோட்டு இன்னும் மன்னாரில். தொழில் எங்கள் கரையில். "நீ எந்த ஊர் எண்டு கேட்டா நான் மூணு ஊர் சொல்லணும் டீச்சர்" என்பார். அவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மூன்று ஊரையும் விளக்கி நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் கடல் ஏற்கனவே எங்களைக் கைவிட்டிருந்தது. கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய களப்பின் ஓரத்துக் கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் குழிகளை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெளியூர்ப் பெரிய படகுகள் வெளிச்சம் போட்டு மீனை அள்ளின. மீன் விலையைக் கூலர் லொறிக்காரர் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். எங்கள் பொடியன்கள் பண்ணையில் கூலிக்கு நின்றார்கள். பண்ணை மூடியதும் சந்தியில் நின்றார்கள். நாள் முழுக்கச் சந்தியில் நிற்கிறவனுக்கு, எனக்கு வரவேண்டியதை எவன் தின்கிறான் என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் சொல்ல வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் நல்ல வாகனங்களில் வந்தார்கள். பண்ணைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய படகுக்காரனைப் பற்றியும் பேசவில்லை. கடைவீதியில் எந்த மார்க்கத்துக்காரரின் பெயர்ப்பலகை இருக்கிறது என்று பாருங்கள் என்றார்கள். எங்கள் ஆட்களும் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நானும் பார்த்தேன்.

அவர்கள் தேசம் தேசம் என்றார்கள். அந்தத் தேசத்துக்குள் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயிலில் தமிழிலும் சந்தையில் சிங்களத்திலும் பேசுகிற எங்களை அதுவரை ஒருவரும் எந்தத் தேசத்திலும் சேர்த்ததில்லை. வடக்கில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் தமிழரில்லை, தெற்கில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் சிங்களவரில்லை. பொடியன்களுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. படகு முனைகளில் கொடி ஏறியது.

பிறகு, முஸ்லிம் பொடியன்கள் சிலர் கோயில்களில் குண்டை வெடிக்க வைத்த அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. நீர்கொழும்புப் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கோயிலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய மையித்தை... பாருங்கள், நானாவோடு பழகிப் பழகி எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. அவளுடைய பிரேதத்தைப் பார்க்கவும் விடவில்லை, பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். நான் அழுதேன், ஆண்டவரைக்கூட ஏசினேன். அந்த நாட்களில் பர்தா போட்ட ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பொடியன்கள் வந்தார்கள். முன்னால் நின்றவன் என் பழைய மாணவன். பண்ணையில் வேலை போனவன். அண்ணன் அப்போது ஊரில் இல்லை. சோளகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கக் கடலில் படகு தள்ள முடியாது; ஆண்கள் வடக்கே இருக்கிற உச்சமுனைக்குப் போய், களப்புக்குள் தொழில் செய்துவிட்டு, காற்று விழுந்ததும் திரும்புவார்கள். எஞ்சினை நானாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அண்ணனும் போயிருந்தார்.

"டீச்சர், எங்கட கரையில அவங்க இருக்கக்கூடாது. ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க."

"அவங்க எண்டா ஆர்? கரையில இருக்கிறதே ஒரு நானாவும் மருமகனும்தான். அந்த மனிசன் உனக்கு என்ன செய்தார்?"

"அவர் ஒண்டும் செய்யல்ல டீச்சர். ஆனா அவங்க செய்தாங்கதானே."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். அன்றைக்கு அந்த வாய் எங்கே போனதோ தெரியாது. எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். செத்தவளை மறந்துவிட்டாயா என்று கேட்பார்களே என்று பயந்தேன். நான் எழுதாவிட்டால் இன்னொருவன் இதைவிட மோசமாக எழுதுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், மிகவும் மரியாதையான சிங்களத்தில் எழுதினேன். இந்தக் கரையில் நிரந்தர வதிவிடம் இல்லாத எவருக்கும் வாடி அமைக்க இடமளிக்க வேண்டாம் எனத் தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான். எவ்வளவு நாகரிகமாக எழுதிவிட்டேன் என்று ஒரு திருப்திகூட வந்தது, என் தலையெழுத்து! கோயில் வாசலில் வைத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பாதிப்பேருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

மற்றப் பெட்டிசங்களெல்லாம் எங்கே போய்த் தூங்கினவோ, இது மட்டும் ஓடிப்போய் வேலை செய்தது. இரண்டு கிழமைக்குள் உத்தியோகத்தர் வந்து நானாவிடம் நிரந்தர வதிவிடச் சான்று கேட்டார். மூன்று ஊர்க்காரர் எந்த ஊரைக் காட்டுவார்?

போகிற அன்று பின்னேரம் நானாவும் மருமகனும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றியிருந்தார்கள். குசினி மூலையில் இறக்கி வைத்தார்கள். தேத்தண்ணீர் குடியுங்கள் என்றேன், வேண்டாம் என்றார்.

"தம்பி வந்தா குடுங்க டீச்சர். கடல் காத்துப் படாம வைங்க." அண்ணனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, இது..." என்று தொடங்கினேன்.

"எண்ட மகளுக்கும் நீங்கதானே கடிதம் எழுதித் தந்தீங்க. உங்கட எழுத்து நல்ல எழுத்து. எந்த ஒப்பிஸில கண்டாலும் எனக்கு வெளங்கும்" என்றார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. "உசிரோட, ஹயாத்தோட இருந்தா பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

காற்று விழுந்து அண்ணன் வந்தார். பக்கத்து வாடி இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. அவர் சந்தியில் நின்று பொடியன்களைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். பிறகு என் வீட்டுக்கு வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றார்.

"எந்த நாசமாப் போனவன் அந்தப் பேப்பர எழுதினான்?"

"ஆருக்குத் தெரியும்?" என்றேன். சோற்றுப் பானையைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவருக்கு நான் என்ற சந்தேகமே வரவில்லை. ஊரிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அவர் முகத்தில் முழிக்கவே பயம். பெருநாளுக்குப் பெருநாள் அண்ணன் புத்தளத்துக்குப் போய் நானா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்ப்பேன், இன்றைக்குத் தெரிந்துவிட்டதா என்று. "நானா உன்னச் சுகம் விசாரிச்சார்" என்பார். அந்த மனிதர் சொல்லவே இல்லை. அண்ணன் வேறொருவரின் படகில் எஞ்சினை மாட்டி, வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகிப்போன ஏதோ ஒரு தொழில் செய்தார்.

பிறகு வரிசைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்கத் தாள் இல்லை. எங்கள் கரைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. உச்சமுனையில் தொழில் செய்கிறவர்களுக்கு எண்ணெய் அட்டை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் அங்கே போய்ப் பெயரைப் பதிந்து வந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எங்கே எண்ணெய் கிடைக்கிறதோ அங்கே பதிகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதே பொடியன்கள் மறுபடி என் வீட்டுக்கு வந்தார்கள். இந்த முறை மட்டை அட்டைகளோடு. அரசாங்கத்துக்கு எதிரான போராட்டத்துக்குக் கொழும்புக்குப் போகிறார்களாம், மூன்று மொழியிலும் எழுதித் தர வேண்டுமாம். என் பழைய மாணவன் நடுவில் உட்கார்ந்து அட்டையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாரும் ஒண்டு எண்டு எழுதுங்க டீச்சர். முஸ்லிம் ஆக்களையும் சேத்து" என்றான்.

"ஓ, இப்ப அவங்களும் ஒண்டோ? நல்ல ஞானம் வந்திருக்கு உனக்கு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கள ஏமாத்திட்டாங்க டீச்சர்." அவனை ஏமாற்றினார்கள், சரி. என்னை யார் ஏமாற்றினார்கள்? நான் படித்தவள். அட்டைகளையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

அண்ணனும் போனார். முதலில் புத்தளத்துக்குப் போய் நானாவைக் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க போங்க தம்பி, நான் துஆ செய்யிறன். எங்கட ஆக்கள் முன்னுக்கு நிண்டா நாளைக்கு அடி எங்களுக்குத்தான் விழும்" என்று நானா சொல்லிவிட்டாராம். அண்ணன் ஒரு கிழமை கடற்கரைத் திடலில் படுத்திருந்துவிட்டு வெயிலில் முகம் கறுத்து வந்தார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை. பாதிரிமாரும் பௌத்த ஹாமதுருமாரும் மௌலவிமாரும் ஒரே கூடாரத்தில் இருந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனாதிபதியாய் இருந்த பெரியவர் நாட்டை விட்டு ஓடிய செய்தி வந்த அன்று கரையில் பாற்சோறு ஆக்கினோம். இனி நானாவைத் திரும்பக் கூப்பிடலாம் என்று அண்ணன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லாம் கழுவப்பட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மண்ணெண்ணெய் விலை ஏறியது. ஒரு நாள் கடலுக்குப் போய் வந்தால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. நானாவைக் கூப்பிடும் கதை அப்படியே நின்றது. ஆட்சி மாறியது, பிறகும் மாறியது. ஒவ்வொரு முறையும் பொடியன்கள் நம்பினார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குவைத்துக்கும் இத்தாலிக்கும் போனார்கள். என் பழைய மாணவனும் போய்விட்டான்.

போன வருடம் கரைக்கு நோட்டீஸ் வந்தது. உல்லாச விடுதி கட்டப்போகிறார்கள். நிரந்தர வதிவிடமுள்ள தொழிலாளருக்குத் தெற்கே வேறு இடம் தரப்படும். பருவகாலத் தொழிலாளர் வாடிகளை அகற்ற வேண்டும். பருவகாலத் தொழிலாளர் பட்டியலில் அண்ணனின் பெயர் இருந்தது. கரையில் பாதிப்பேரின் பெயர் இருந்தது. உச்சமுனையில் எண்ணெய் அட்டைக்குப் பதிந்தவர்கள் எல்லோரும். எங்கள் ஆட்களுக்கு உச்சமுனைக்குப் போவது ஊரை விட்டுப் போவது மாதிரியே இல்லை. சொந்த வீட்டில் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போவது மாதிரி. காற்றோடு இடம் மாறுகிற சனம் நாங்கள். நாங்கள் போய் நிரந்தர வதிவிடம் இல்லாதவனை எழுப்பி அனுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை, கடவுளே, ஒருவருக்குமே உறைக்கவில்லை.

அந்த வாடி போனால் அண்ணனுக்குத் தொழில் இல்லை. ஐம்பது தாண்டிய மனிதரை இத்தாலிக்கு யார் எடுப்பார்கள்? சிலாபத்தில் ஒரு அலுவலகத்தில் விசாரணைக்கு வரச்சொன்னார்கள். அண்ணனுக்குச் சந்தைச் சிங்களம் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

உத்தியோகத்தர் இளம் ஆள். எழுந்து நின்று கதிரை காட்டினார். அண்ணன் தன் சிங்களத்தில், தானும் கொழும்பில் ஒரு கிழமை படுத்திருந்ததைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "நானும் அங்கேதான் இருந்தேன்" என்றார். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அவர் நல்ல மனிதர்தான். அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"இந்த விதியை நாங்கள் போடவில்லை, ஐயா. உங்கள் கரை மக்களே கேட்டதுதான்" என்று கடிதக் கோவையைப் புரட்டி ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

என் எழுத்து. நான் அழகாக இழுத்து வளைக்கிற அதே எழுத்துக்கள்.

"இந்தக் கடிதத்தை நீங்கள் மறுத்தால் விசாரணையைத் தள்ளிப்போடலாம்" என்றார் அவர். "யார் எழுதியது, கையெழுத்துப் போட்டவர்களுக்கு விளங்கியதா என்று பார்க்க வேண்டி வரும். எழுதியவர் வந்து சொன்னால் நல்லது."

அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கதிரையின் நுனிக்கு வந்தார். "மறுக்கிறன் எண்டு சொல்லு. எழுதின நாய இங்க கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

"நான்தான் அண்ணா."

"பகிடி விடாத. அந்த மனிசன் பாத்துக்கொண்டிருக்கார்."

"நான்தான் எழுதினது. நீங்க உச்சமுனையில இருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அடியோ ஏச்சோதான். அவர் கேட்டது வேறு.

"நானாவுக்குத் தெரியுமா?"

"ஓம். போன அண்டைக்கே தெரியும்."

"ஒவ்வொரு பெருநாளும் அந்த வீட்டில சோறு திண்டிருக்கிறன்" என்றார் அண்ணன். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

என்ன சொல்கிறார் என்று உத்தியோகத்தர் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கடிதத்தை எழுதியவள் நான், ஆட்கள் விளங்காமல்தான் கையெழுத்துப் போட்டார்கள், வாக்குமூலம் தரத் தயார் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். "டீச்சர், நீங்கள் அரசாங்க ஊழியர். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

"யோசிக்க ஒன்றும் இல்லை" என்றேன்.

அந்தளவு சிங்களம் அண்ணனுக்கு விளங்கும். அவர் தாளைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, எழுதியிருக்கிறது சரி. நாங்கள் நிரந்தரமில்லை."

"பைத்தியமா உங்களுக்கு? நான் வாக்குமூலம் குடுக்கிறன் எண்டுதானே சொல்லுறன்!" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மனிசன் எழும்பிப் போன பேப்பரில எனக்கு மட்டும் இருக்க இடம் கேக்கச் சொல்லுறியா?" என்றார். வாடியை அகற்றச் சம்மதிக்கும் தாளில் உத்தியோகத்தர் காட்டிய இடத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி, தன் பெயரைத் தமிழில் எழுதினார். நான் எவ்வளவோ கெஞ்சினேன், ஏசினேன், அவருடைய கையைக்கூடப் பிடித்தேன். மொழிபெயர்த்தவர் என்று எனக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

புத்தளம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்தோம். நான் பேசினேன், அழுதேன், மறுபடி பேசினேன். முன்னால் இருந்த பெண் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். முந்தல் வந்தது. நான் எழும்பினேன், அவர் எழும்பவில்லை.

"இறங்க வேணும் அண்ணா."

"நீ இறங்கு. நான் நானாட வீட்ட போய்ட்டு வாறன்."

"அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

அவர் நடத்துனரிடம் புத்தளத்துக்கு ஒரு டிக்கெட் என்றார். நான் இறங்கினேன், பஸ் போய்விட்டது.